தென் டிரோலில் நடந்தே பார்க்கும் கோட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இத்தாலியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய மலை மாகாணம் தென் டிரோல். தலைநகர் போல்சானோ, ஜெர்மன் பேசுபவர்களுக்கு அது போட்சன். அங்கே கோட்டைகளையும் இடிபாடுகளையும் நடந்து போய்ப் பார்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கயிறு, கொக்கி எதுவும் வேண்டாத பாதைகளைப் பற்றி மட்டும்தான் பேச்சு. தினம் இரண்டு மூன்று மணி நேரம் மேடு பள்ளத்தில் நடக்கத் தெம்பிருந்தால் போதும்.

ஆல்ப்ஸ் முழுக்கக் கோட்டைகள் இருக்கின்றனவே, ஏன் தென் டிரோல்?

நெருக்கம்தான் காரணம். கோட்டை, அரண்மனை, பழைய பிரபுக்களின் மாளிகை எல்லாம் சேர்த்துச் சுமார் 800 என்பது அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இடிந்து புதர் மண்டியவையும் அதில் அடக்கம். ஒரு திருப்பத்தில் ஒரு கோபுரம், அடுத்த திருப்பத்தில் இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு வசதி உயரம். பெரும்பாலான கோட்டைகள் பள்ளத்தாக்கின் ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து 300 முதல் 1,000 மீட்டருக்குள் இருக்கின்றன. மேலே சிகரங்களில் பனி கிடக்கும் ஏப்ரலிலேயே கீழே ஆப்பிள் பூக்களுக்கு நடுவில் நடக்கலாம். மூச்சு வாங்குவது ஏற்றத்தால்தான் இருக்கும், உயரத்தால் அல்ல.

இத்தனை கோட்டைகளை யார், எதற்காகக் கட்டினார்கள்?

பிரென்னர் கணவாயை வைத்துத்தான் எல்லாக் கதையும். உயரம் 1,370 மீட்டர்தான் என்பதால், ஆல்ப்ஸைக் கடக்க இருப்பதிலேயே எளிதான வழிகளில் ஒன்று. முடிசூட்டிக்கொள்ள ரோமுக்குப் போன ஜெர்மானிய அரசர்கள், அவர்களுடைய படைகள், வியாபாரிகள், யாத்திரிகர்கள் எல்லாரும் இதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனார்கள். வழி பத்திரமாக இருக்க வேண்டும் என்று 1027-இல் பேரரசர் இரண்டாம் கொன்ராட் இந்தப் பகுதிகளை டிரெண்ட், பிரிக்ஸன் ஆயர்களிடம் ஒப்படைத்தார். ஆயர்கள் வாள் எடுக்க முடியாது. அதற்காகப் பிரபுக்களைக் காவலுக்கு வைத்தார்கள். காவலுக்கு வந்தவர்கள் மெல்ல மெல்ல நிலத்தைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக் கோட்டை கட்டி, சுங்கம் வாங்கி, பக்கத்துப் பாறைக்காரனோடு சண்டை போட்டார்கள்.

எப்பான் பிரபுக்கள் கதையே இதற்குப் போதும். 1158-இல் அவர்கள் போப்பாண்டவரின் தூதர்களையே மறித்துக் கொள்ளையடித்தார்கள். பவேரியக் கோமகன் ஹென்றி படையோடு வந்து தண்டித்தார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் தலை தூக்கவே இல்லை. போட்டியாளர்களான டிரோல் பிரபுக்கள் மேலே வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் மைன்ஹார்ட் மீதியையும் சேர்த்து ஒரே நாடாக்கினார்.

இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறிவிடும். எந்தக் கோட்டைக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்க்காமல் வெளியே பாருங்கள். கீழே எந்தச் சாலை, எந்த ஆற்றுத்துறை தெரிகிறது? எதிரே யாருடைய கோபுரம்? கட்டியவன் கவலைப்பட்ட திசை அது. உள்ளே வைத்திருக்கும் விளக்கப் பலகைகள் பாதிக்கு மேல் இதைச் சொல்வதில்லை.

முதல்முறை போகிறேன். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

எப்பானின் மூன்று கோட்டை நடை. போல்சானோவுக்கு மேற்கே மிஸ்ஸியான் என்ற சிற்றூரில் தொடங்கி, கோர்ப், போய்மோண்ட், ஹோஹெப்பான் மூன்றையும் சுற்றி அங்கேயே இறங்கிவிடலாம். நிற்காமல் நடந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். நின்று பார்த்து, சாப்பிட்டு, வெயிலில் உட்கார்ந்தால் ஒரு முழு நாள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே முதலில் வருவது கோர்ப். அது இப்போது ஹோட்டல். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். அங்கிருந்து காட்டுக்குள் ஏற்றம். முக்கால் மணி நேரத்துக்குள் போய்மோண்ட் வந்துவிடும். 13-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது. 15-ஆம் நூற்றாண்டில் தீப்பிடித்தபின் யாரும் குடியேறவில்லை. கூரை இல்லை, ஆனால் சுவர்கள் முழு உயரத்துக்கு நிற்கின்றன. மேல்மாடிச் சுவரில் மெல்லிய கல் தூண்கள் தாங்கும் வளைவு ஜன்னல்களைக் கவனியுங்கள். முற்றுகைக்குப் பயந்தவன் இவ்வளவு பெரிய ஜன்னல் வைக்க மாட்டான். வசதியாக வாழத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் சீசனில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு.

போய்மோண்டுக்கும் ஹோஹெப்பானுக்கும் நடுவில் ஒரு ஆழமான ஓடைப் பிளவு. அதில் இறங்கி ஏற மரப்படிகள் போட்டிருக்கிறார்கள். மழை பெய்திருந்தால் அந்தப் படிகள் வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இந்த ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் சிரமம். ஏறி மேலே வந்ததும், மூன்று பக்கம் சரிவும் நடுவே ஐந்து மூலைக் கோபுரமுமாக ஹோஹெப்பான். இதுதான் அந்தக் கொள்ளைக்காரப் பிரபுக்களின் வீடு. இங்கே நின்றால் போல்சானோ சமவெளியும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் முழுசாகக் கண்ணில் விழும். போப்பின் தூதர்களை மறிக்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். இறங்கும் வழியில் தனியாக நிற்கும் உயரமான கோபுரம், ஆபத்து வந்தால் தீ மூட்டிச் சேதி சொல்வதற்கானது.

ஹோஹெப்பான் தேவாலயத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கோட்டை முற்றத்தில் ஒரு சின்னத் தேவாலயம். வெளியில் பார்த்தால் தானியக் கிடங்கு மாதிரிதான் இருக்கும். உள்ளே 1200-ஐ ஒட்டி வரைந்த சுவரோவியங்கள். வெளிச்சுவரில் ஒரு வேட்டைக் காட்சி: குதிரைக்காரன், நாய்கள், ஓடும் மான். உள்ளே ஒரு பக்கம் புத்தியுள்ள கன்னியரும் புத்தியில்லாத கன்னியரும். ஆனால் எல்லாரும் தேடி வருவது வேறொன்று.

இயேசு பிறப்புக் காட்சியில் மரியாள் படுத்திருக்கிறாள். அவளுடைய படுக்கைக்குப் பக்கத்தில், அடுப்பு ஓரமாகக் குந்தி உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். அடுப்பில் வாணலி, அதில் உருண்டை உருண்டையாக ஏதோ வேகிறது. அதில் ஒன்றைக் குத்தி எடுத்து வாயருகே கொண்டுபோகிறாள். பிரசவ வீட்டில் சமைக்க வந்தவள் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல. டிரோலின் அன்றாடச் சாப்பாடான க்னோடல் என்ற மாவு உருண்டையின் மிகப் பழைய படம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு காட்டுவார்கள். தேவதூதர்களையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கத் தோன்றும். ஓவியன் அவளை எங்கேயோ நேரில் பார்த்திருக்க வேண்டும்.

தேவாலயம் எப்போதும் திறந்திருக்காது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். போனதும் முதலில் அடுத்த சுற்று எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருங்கள்.

அப்பா அம்மாவோடு போகிறோம், ஏற்றம் அதிகம் வேண்டாம்.

ரூங்கல்ஷ்டைன். போல்சானோ நகர மையத்திலிருந்து டால்ஃபர் ஆற்றங்கரையோடு சமதளமான நடைபாதை போகிறது. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால் பாறை அடிவாரம். கடைசியில் மட்டும் கல் பாவிய குட்டி ஏற்றம்.

1237-இல் கட்டிய கோட்டையை 1385-இல் நிக்லவுஸ், ஃபிரான்ஸ் ஃபின்ட்லர் என்ற அண்ணன் தம்பி வாங்கினார்கள். பரம்பரைப் பிரபுக்கள் இல்லை, புதுப்பணக்காரர்கள். பழைய பிரபுக்களுக்குச் சமமாகத் தங்களைக் காட்டிக்கொள்ளச் சுவர் முழுக்கப் படம் வரையச் சொன்னார்கள். ட்ரிஸ்டான் இஸோல்ட் காதல் கதை, ஆர்தர் அரசவையின் வீரர்கள், பந்து விளையாட்டு, நடனம், வேட்டை. மத சம்பந்தமில்லாத இடைக்கால சுவரோவியங்கள் இவ்வளவு பெரிய தொகுதியாக வேறெங்கும் மிஞ்சவில்லை. 1868-இல் ஒரு பக்கச் சுவர் ஆற்றுப் பிளவில் சரிந்து, சில ஓவியங்களும் கூடவே போய்விட்டன. 1893-இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் கோட்டையை போல்சானோ நகரத்துக்குக் கொடுத்தார்.

டிரோல் கோட்டையும் பெரியவர்களுக்குச் சரிப்படும். மெரானோ நகருக்கு மேலே உள்ள டிரோல் கிராமம் வரை பஸ், பிறகு இருபது இருபத்தைந்து நிமிட நடை. வழியில் பாறையைக் குடைந்த ஒரு பழைய சுரங்கப்பாதை வரும். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அங்கேயே நேரம் போய்விடும்.

டிரோல் கோட்டை அவ்வளவு முக்கியமா? அருங்காட்சியகம்தானே?

நாட்டுக்கே பெயர் கொடுத்த கோட்டை. 1363-இல் மார்கரெட் சீமாட்டி டிரோலை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்திடம் ஒப்படைத்தது வரை ஆட்சி இங்கிருந்துதான். 1420-இல் தலைநகர் இன்ஸ்ப்ரூக்குக்குப் போனதும் இங்கே யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. கட்டடத்தின் ஒரு பகுதி பக்கத்துப் பள்ளத்தில் சரிந்தது. இன்றைய தோற்றத்தில் பிற்காலச் சீரமைப்பு நிறையவே கலந்திருக்கிறது.

உள்ளே மாகாண வரலாற்று அருங்காட்சியகம். அதைவிட எனக்குப் பிடித்தது பளிங்கு வாசல்கள் இரண்டும்தான். விலங்குகள், பறவைகள், பாதி மனிதன் பாதி மிருகமான உருவங்கள் வளைவு முழுக்கச் செதுக்கியிருக்கும். வாசலில் நின்று நிதானமாகப் பார்க்காமல் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே ஓடுபவர்கள்தான் அதிகம்.

கீழே தெரியும் சிறிய கோட்டை ப்ரூனன்பர்க். கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1958-இல் அமெரிக்காவில் காவலிலிருந்து விடுதலையாகி வந்து தங்கியது அங்கேதான்.

டிக்கெட், கடை, கூட்டம் எதுவும் இல்லாத, நிஜமாகவே இடிந்த இடம்?

இரண்டு சொல்கிறேன்.

ஒன்று ஹௌவன்ஷ்டைன். ஷ்லெர்ன் மலையின் அடிவாரக் காட்டில், சைஸ் ஊரிலிருந்து நடக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே வீடு அளவுப் பாறை, அதன் உச்சியில் மிச்சமிருக்கும் சில சுவர்கள். அவ்வளவுதான். ஆனால் இங்கே வாழ்ந்தவர் சாதாரண ஆள் இல்லை. ஓஸ்வால்ட் ஃபோன் வொல்கன்ஷ்டைன், ஒற்றைக் கண் கவிஞர், 1445-இல் இறந்தவர். பாதி உலகம் சுற்றி, அரசர்களோடு பழகி, இந்தக் கோட்டையின் பங்குக்காக வழக்கும் சண்டையும் போட்டுச் சிறைக்கும் போய், கடைசியில் இங்கே வந்து முடங்கினார். குளிர், காடு, வீட்டில் பிள்ளைகளின் கூச்சல் என்று தன் பாட்டிலேயே புலம்பியிருக்கிறார். சுற்றிலும் மரம், தலைக்கு மேலே மலை. நவம்பர் மாதத்தில் அந்தப் பாறைமேல் நின்றால் அவர் புலம்பியது நியாயம் என்றுதான் படும். வெளியே பார்க்க ஒரு சாலையும் இல்லாத கோட்டை.

இன்னொன்று காஸ்டெல்ஃபெடர். அவுவர் ஊருக்கு மேலே, ஓக் மரங்களும் குளங்களும் மேயும் ஆடுகளுமாக ஒரு வெட்டவெளிக் குன்று. கோட்டைச் சுவரின் வளைவுகள் சில வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பக்கத்தில் வழவழவென்று தேய்ந்த ஒரு சறுக்குப் பாறை. குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் அதில் சறுக்குவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. ஏற்றம் குறைவு, நிழலும் குறைவு. ஜூலை மதியத்தில் போகாதீர்கள்.

சிறுவர்களுக்கு எது பிடிக்கும்?

ஹாடர்பர்க். சலூர்ன் ஊருக்கு மேலே, செங்குத்துப் பாறையின் நுனியில் ஒட்டவைத்ததுபோல நிற்கும். கீழிருந்து பார்த்தால் வழியே இல்லை என்று தோன்றும். உண்மையில் நல்ல பாதை, அரை மணி நேரம்கூட ஆகாது. ஓரங்களில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சீக்மண்ட்ஸ்க்ரோன் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே?

மலையேறி ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் 2006-இல் மலை அருங்காட்சியகம் திறந்த கோட்டை அது. போல்சானோவுக்குத் தென்மேற்கே, எட்ஷ் ஆற்றுக்கு மேலே. 945-லேயே ஆவணத்தில் பெயர் வருகிறது. 1473-இல் கோமகன் சீக்மண்ட் வாங்கி, பீரங்கிகளைத் தாங்கும்படி சுவர்களைத் தடிமனாக எழுப்பினார். போய்மோண்டின் ஜன்னல்களைப் பார்த்த மறுநாள் இங்கே வாருங்கள். பீரங்கி வந்தபின் கட்டடக்கலைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. உள்ளே கறுத்த இரும்புப் படிகளும் பாலங்களும் பழைய சுவரைத் தொடாத மாதிரி போட்டிருக்கிறார்கள்.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் கோட்டை வேறு காரணத்துக்காக முக்கியம். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறிய பகுதி இது. 1957 நவம்பர் 17 அன்று அரசியல் தலைவர் சில்வியுஸ் மக்னாகோ தலைமையில் சுமார் 35,000 பேர் இந்த முற்றத்தில் கூடித் தனித் தன்னாட்சி கேட்டார்கள். 1972-இல் புதிய தன்னாட்சிச் சட்டம் வந்தது. இந்த ஊரில் ஒரு கோட்டைக்குக் கடைசியாக நிஜ வேலை வந்தது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் போல்சானோ சமவெளியில் வெயில் 35 டிகிரியைத் தொடும். மதியத்துக்கு மேல் இடி மழையும் வரும். தனிப் பாறை உச்சியில் நிற்கும் கோபுரம் இடி நேரத்தில் ஒதுங்கும் இடமே இல்லை. கோடையில் போனால் காலை எட்டு மணிக்கே நடந்துவிடுங்கள்.

அக்டோபருக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. பண்ணை வீடுகளில் புதுத் திராட்சை மதுவும் சுட்ட செஸ்ட்நட்டும் கொடுப்பார்கள். ஐசாக் பள்ளத்தாக்கில் செஸ்ட்நட் மரங்களுக்கு நடுவே பிரிக்ஸன் பக்கமிருந்து ரூங்கல்ஷ்டைன் வரை பல நாள் நடையே இருக்கிறது. முழுக்க நடக்க வேண்டியதில்லை, ஒரு நாள் துண்டு போதும்.

நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான கோட்டைகளின் உட்புறம் மூடியிருக்கும்.

திறக்கும் நாள், கட்டணம்?

திங்கட்கிழமை பல கோட்டைகளுக்கு விடுமுறை. சீக்மண்ட்ஸ்க்ரோனுக்கு மட்டும் வியாழன். ட்ரோஸ்ட்பர்க், ரைஃபன்ஷ்டைன் போன்ற சிலவற்றில் குறிப்பிட்ட நேரத்து வழிகாட்டிச் சுற்றில் மட்டும்தான் உள்ளே போக முடியும். ஒரு மணி நேரம் ஏறிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பதைவிட முந்தின நாள் கோட்டையின் இணையதளத்தைப் பார்ப்பது நல்லது. விலை வருஷா வருஷம் மாறுகிறது. ஹௌவன்ஷ்டைன், காஸ்டெல்ஃபெடர் மாதிரி திறந்த இடிபாடுகளுக்குக் கட்டணமே இல்லை.

ஒரு நாளில் எத்தனை பார்க்கலாம்?

காரில் போனால் ஐந்துகூடப் பார்க்கலாம். மாலையில் எந்த ஜன்னல் எந்தக் கோட்டையில் என்று குழம்பிவிடும். நடந்து போகிறீர்கள் என்றால் ஒன்று. எப்பான் சுற்று மட்டும் விதிவிலக்கு. அங்கே மூன்றும் ஒரே குடும்பச் சண்டையின் பாத்திரங்கள் மாதிரி, ஒன்றில் நின்று மற்றதைப் பார்க்கத்தான் வேண்டும்.

சுவர்மேல் ஏறலாமா? கூடாரம்? ட்ரோன்?

சுவர்மேல் ஏறாதீர்கள். எட்டு நூற்றாண்டுச் சுண்ணாம்புச் சாந்து மழையிலும் பனியிலும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. மேல் வரிசைக் கல் பல இடங்களில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வேலி கட்டியிருந்தால் காரணத்தோடுதான். ஜீபனைஷ் ஊருக்கு மேலே க்ரைஃபன்ஷ்டைன் என்று ஒரு கோட்டை. முற்றுகையின்போது, உள்ளே இன்னும் சாப்பாடு ஏராளம் என்று காட்ட ஒரு கொழுத்த பன்றியைச் சுவருக்கு மேலே தூக்கி வெளியே எறிந்தார்களாம். எதிரி நம்பித் திரும்பிப் போனானாம். கதை கேட்டதும் ஏறிப் பார்க்க ஆசை வரும். இடமோ செங்குத்து, சுவரோ பலவீனம். கீழேயிருந்து பார்த்தாலே பன்றி விழுந்த தூரம் தெரியும்.

கண்ட இடத்தில் கூடாரம் போட மாகாணத்தில் அனுமதி இல்லை. பல இடிபாடுகள் தனியார் சொத்து, ஆகவே ட்ரோனுக்கு முன்னால் கேட்க வேண்டும்.

வழி தவறாதா?

தவறுவதுதான் கஷ்டம், அவ்வளவு குறிகள். மரத்திலும் பாறையிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை, கூடவே பாதை எண். சந்திப்புகளில் பலகை. பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவர் கணக்கு. நம் ஆட்கள் போட்டோ எடுக்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்கள் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் இரண்டிரண்டாக இருக்கும், மொபைல் வரைபடம் ஒன்றைக் காட்டும், பஸ் இன்னொன்றைச் சொல்லும். போகும் இடத்தின் இரண்டு பெயரையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாமல் முடியுமா?

தாராளமாக. ம்யூனிக்கிலிருந்து போல்சானோவுக்கு நேரடி ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து மெரானோ, சலூர்ன், அவுவர், பிரிக்ஸன் எல்லாவற்றுக்கும் உள்ளூர் ரயில், மீதிக்குப் பஸ். பல விடுதிகளில் தங்குபவர்களுக்கு உள்ளூர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செல்லும் பாஸ் கொடுக்கிறார்கள், அறை எடுக்கும்போதே கேளுங்கள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். க்னோடலில் பன்றி இறைச்சித் துண்டு போட்டதுதான் பிரபலம். பசலைக்கீரை க்னோடல், சீஸ் க்னோடல் என்று கேளுங்கள். சூப்பில் போட்டதை வேண்டாம் என்று சொல்லுங்கள், சாறு இறைச்சியில் செய்தது. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த ஷ்லுட்ஸ்க்ராப்ஃபன் நம்பகமானது. முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கஷ்டம்தான், ரொட்டியும் பழமும் பையில் இருக்கட்டும்.

உண்ணி, காயம், அவசரம்?

புல்லும் புதரும் உள்ள தாழ்வான காடுகளில் உண்ணி உண்டு; லைம் நோயைப் பரப்பும். முழுக் கால்சட்டை போட்டு, அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது வேண்டாம்.

அவசர எண் 112. சிக்னல் இல்லையென்றால் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எந்த ஷூ?

பிடிப்புள்ள அடிப்பாகம் உள்ள எதுவும். கோட்டை வாசல்களில் பாவிய கல், பல நூற்றாண்டு தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் எடுத்துப் போங்கள்.

ஜெர்மனோ இத்தாலியனோ தெரியாது. சமாளிக்கலாமா?

விடுதி, டிக்கெட் கவுண்டர், சாப்பாட்டுக் கடை எங்கும் ஆங்கிலம் போதும். சிறிய கோட்டைகளின் வழிகாட்டிச் சுற்று பெரும்பாலும் ஜெர்மனிலோ இத்தாலியனிலோ நடக்கும். ஆங்கிலக் குறிப்புத் தாள் இருக்கிறதா என்று தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். பாதையில் எதிரே வருபவர்கள் வணக்கம் சொல்லாமல் போக மாட்டார்கள். ‘க்ரியஸ் டி’ என்று சொன்னால் போதும், பல பேர் நின்று வழியும் சொல்லிவிட்டுப் போவார்கள்.